கிளாதர்பி ரோவர்ஸின் முழுவியளம்

தம்பி, அந்தக் காதிலை மாட்டுற சாமானைக் கொஞ்சம் பொறுத்துப் போடும். பிளேன் மேலை ஏறினாப் பிறகு போடலாம். நான் கன நேரம் கதைக்கமாட்டன். யன்னல் கதிரை என்ரைதான், பரவாயில்லை, நீர் இரும். வெளியிலை பாக்க எனக்கு ஒண்டுமில்லை. நான் பாக்க வேண்டினது கிளாதர்பியிலை பின்னேரம் மூண்டு மணிக்குத் தொடங்கும். அதை விட்டிட்டு ரொறொன்ரோவுக்குப் போய்க்கொண்டிருக்கிறன்.

கிளாதர்பி தெரியாதோ? நான் குறை நினைக்கேல்லை. இங்கிலாந்துச் சனத்துக்கே தெரியாது. மஞ்செஸ்டருக்கு மேலை, மழைக்குக் கீழை எண்டு டெரிக் சொல்லுவான். டெரிக் ஆரெண்டு பிறகு சொல்லுறன். அங்கை ஒரு உதைபந்துக் கிளப் இருக்கு. கிளாதர்பி ரோவர்ஸ்.

நீர் எந்தக் கிளப்? லிவர்பூலோ? ஏன் எண்டு நான் கேக்கமாட்டன். வெல்லுற கிளப்பை எவனும் பிடிப்பான். தோக்கிற கிளப்பைப் பிடிச்சு வைச்சிருக்கத்தான் ஒரு விசர் வேணும். அந்த விசர் எனக்கு முப்பத்தஞ்சு வருசத்துக்கு மேலை இருக்கு. ஒரு மருந்துக் குளிசைக்கும் கேக்காது.

ஆனா லேசுப்பட்ட கிளப் எண்டு நினைக்காதையும். கயிறு திரிக்கிற ஆலையிலை வேலை செய்த ஆக்கள் தொடங்கினது. கத்தரிப்பூ நிறத்திலை சேட்டு. நூறு வருசத்துக்கு மேலை விளையாடியும் கோப்பை ஒண்டும் இல்லை. கோப்பை வைக்கிற அலுமாரி இருக்கு, அதுக்குள்ளை பழைய மனேஜர் ஒருத்தரின்ரை தொப்பியை வைச்சிருக்கினம். ஒரே ஒருக்கா, பெரிய யுத்தம் தொடங்கின வருசம், முதல் மூண்டு மச்சும் வெண்டு பட்டியலிலை உச்சியிலை நிண்டவை. கிட்லர் போலந்துக்குள்ளை போக, இங்கிலாந்திலை பந்தை நிப்பாட்டிப் போட்டாங்கள். அண்டையிலை இருந்து கிளாதர்பிச் சனம் சொல்லுறது, அந்த மனுசன் இன்னும் எட்டு மாசம் பொறுத்திருந்தா நாங்கள் சம்பியன் எண்டு. உலகம் முழுக்க அவனைத் திட்ட ஆயிரம் காரணம் இருக்க, இவைக்கு இதுதான் காரணம். யுத்தத்தாலை வீடு வாசலை விட்டிட்டு வந்தவன் நான், யுத்தத்தாலை ஒரு கோப்பையை விட்ட சனத்தோடை சேந்தன். பொருத்தந்தானே.

எப்பிடிச் சேந்தனெண்டு கேளும். நீர் கேளாட்டிலும் சொல்லுவன்.

எண்பத்தெட்டாம் ஆண்டு. ஒரு தெரிஞ்ச ஆள் பெற்றோல் ஸ்ரேசனிலை வேலை எண்டு என்னைக் கிளாதர்பிக்கு அனுப்பினவர். முதல் லீவு நாள், லீட்ஸுக்குப் போய் ஒரு பிள்ளையார் படமும் மிளகாய்த்தூளும் வாங்குவம் எண்டு வெளிக்கிட்டன். ரோட்டிலை பெரிய வரிசை. வெள்ளைக்காரர் பஸ்ஸுக்கு வரிசையிலை நிப்பினம் எண்டு ஆரோ சொல்லித் தந்தது நினைவிலை இருந்தது. நானும் போய் நிண்டன். முன்னுக்கு வர, ஒரு சின்னக் கூட்டுக்குள்ளை ஒருத்தன் இருந்து காசு வாங்கினான். கொண்டக்டர் எண்டு குடுத்தன். இரும்புக் கேற் ஒண்டு சுத்திச்சுது. உள்ளை போனா பஸ்ஸைக் காணேல்லை, பெரிய புல்லுவெளி. திரும்பி வரப் பாத்தன். அந்தக் கேற் ஒரு பக்கம்தான் சுத்தும்.

அண்டைக்கு ஐஞ்சு கோலாலை தோத்தினம். எனக்குப் பக்கத்திலை நிண்டவன்தான் டெரிக். அப்ப வாலிபன். கையிலை இருந்த இறைச்சிப் பேஸ்ரியிலை பாதியைப் பிச்சு என்னட்டைத் தந்து, "ஒவ்வொரு கிழமையும் இப்பிடித்தான், வாற சனியும் வா" எண்டான். அந்த ஊரிலை பெற்றோல் கதையைத் தவிர வேறை கதை என்னோடை கதைச்ச முதல் மனுசன். வாற சனியும் போனன். அதுக்குப் பிறகு எங்கடை மைதானத்திலை நடந்த மச் ஒண்டும் நான் விடேல்லை. மகள் பிறந்த அண்டைக்கும் இடைவேளை வரைக்கும் நிண்டிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினனான். இடைவேளையோடை வெளிக்கிட்டது பெரிய விசயம், டெரிக்கே மெச்சினவன்.

சாப்பாடு வருது. நீர் கோழியை எடும். எனக்கு மரக்கறி. சனிக்கிழமையிலை மச்சம் மாமிசம் தொடுறதில்லை, அது ரோவர்ஸுக்காக வைச்ச நேர்த்தி. பலிச்சதோ எண்டு கேக்காதையும்.

போன சீசனைப் பற்றித்தான் சொல்ல வந்தனான். கார்த்திகை மட்டிலை பட்டியலின்ரை அடியிலை கிடந்தம். எங்கடை டிவிசனுக்குக் கீழை விழுந்தா லீக்கிலை பேரே இல்லை. பிறகு பகலிலை பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சிட்டுப் பின்னேரம் விளையாடுற ஆக்களோடைதான் ஆட்டம். நூறு வருசத்திலை ஒருக்காவும் அப்பிடி விழேல்லை. எங்கடை கோல் காக்கிற கோலி நல்ல பெடியன், பந்து வந்தா மரியாதையா விலகி வழி விடுவான். முன்னுக்கு ஒரு நெட்டையன். தலையாலை அடிக்கட்டும் எண்டுதான் அவனை வாங்கினது. அவன் எந்த நேரமும் குனிஞ்சு நிண்டு சப்பாத்துக் கயிறு கட்டுவான்.

அந்த நேரம் ஒரு சனிக்கிழமை, நான் கத்தரிப்பூ மப்ளரும் சுத்திக்கொண்டு வாசல்லை காலெடுத்து வைக்கிறன், கேற்றடியிலை என்ரை மனிசி எதிரிலை வாறா. பவளராணி. பவளம் எண்டுதான் கூப்பிடுறது. கடையிலை பால் வாங்கிக்கொண்டு வந்தவ. அண்டைக்கு மூண்டு கோலாலை வெண்டம்.

உமக்கு முழுவியளம் எண்டா தெரியுமோ? இங்கிலாந்திலையோ பிறந்தநீர்? சரி. ஒரு காரியமாப் படி தாண்டேக்கை எதிரிலை ஆர் வருகினம், கையிலை என்ன கொண்டு வருகினம் எண்டு பாக்கிறது. நிறை குடம், பால், பூ, சுமங்கலி எண்டா நல்லது. வெறுங் குடம், விறகு எண்டா திரும்பி உள்ளை போய்த் தண்ணி குடிச்சிட்டுத்தான் வெளிக்கிட வேணும். ஊரிலை எங்கடை ஆக்கள் சோதனைக்குப் போற பிள்ளையளுக்கு ஆள் பாத்து எதிரிலை வரவிடுவினம். நான் அதைக் கிளாதர்பிக்குக் கொண்டு வந்தன். அவ்வளவுதான். எனக்கு மூடநம்பிக்கை எண்டு மகள் சொல்லுறாள். ஒவ்வொரு மச்சுக்கும் அதே கிழிஞ்ச காலுறையைப் போடுற டெரிக்கை ஒருத்தரும் ஒண்டும் சொல்லுறதில்லை.

அடுத்த சனியும் அவவைக் கேட்டன். "பவளம், ஒருக்கா பின்கதவாலை போய், ஒழுங்கையைச் சுத்தி, முன்கேற்றாலை வாருமன். பாலோடை."

"பால் வீட்டிலை கிடக்குது."

"கிடக்கிறதைக் கொண்டு வாரும்."

வந்தா. ரெண்டு கோலாலை வெண்டம். அதுக்கடுத்த கிழமை, கிடந்த பால் பழசு எண்டு எனக்குப் பட்டுது. புதுசு வேணும் எண்டு சொன்னன். பிறகு அதுவே வழக்கமாப் போச்சுது. சனிக்கிழமை எண்டா அவ கடைக்குப் போவா, பால் வாங்குவா, ஒழுங்கை முடக்கிலை நிப்பா. நான் யன்னலாலை கையைக் காட்டினா நடக்கத் தொடங்குவா. வேறை ஊரிலை மச் எண்டாலும் நான் வீட்டை விட்டு வெளிக்கிட்டுப் போய் றேடியோவைக் காருக்குள்ளை இருந்து கேப்பன், முழுவியளம் வேணுமெல்லோ. பக்கத்து வீட்டு மனிசி ஒருநாள் பவளத்தைப் பிடிச்சு, "அந்த ஆள் உம்மை வீட்டுக்குள்ளை விடுறேல்லையோ, பொலிசுக்குச் சொல்லட்டோ" எண்டு கேட்டதாம். நாங்கள் ரெண்டு பேரும் சிரிச்சம். நான்தான் கூடச் சிரிச்சன் எண்டு நினைக்கிறன்.

வீடு முழுக்கப் பால். மகளும் இப்ப வேறை ஊரிலை, ரெண்டு பேருக்கு எவ்வளவு பால் வேணும்? தயிர், பாயாசம், பால் தேத்தண்ணி. எனக்குக் கொலஸ்ரரோல் ஏறிச்சுது. ரோவர்ஸும் ஏறிச்சுது, கீழையிருந்து மூண்டாம் இடத்துக்கு.

தை மாசம் சரியான ஸ்னோ. ஒழுங்கையாலை வரேக்கை பவளம் வழுக்கி விழுந்திட்டா. பால் கொட்டுப்பட்டா எவ்வளவு அபசகுனம்! ஓடிப்போய்ப் பாத்தன். நல்ல காலம், போத்தில் உடையேல்லை, பாதிப் பால் மிச்சம். அண்டைக்குச் சமநிலையிலை முடிஞ்சுது. என்ன கேக்கிறீர்? மனிசிக்கோ? அவவுக்கு ஒண்டுமில்லை. கொஞ்சம் இடுப்பு நோ. அவ சொல்லவும் இல்லை.

இவ்வளவும் நல்லா நடந்து வர, சித்திரையிலை ரொறொன்ரோவிலை இருந்து ஒரு போன். அவவின்ரை தமக்கை, செல்வராணி அக்கா. முழங்கால் ஒப்பரேசனாம். அத்தான் காலமாகி அக்கா தனிய இருக்கிறா. பவளம் வந்து கொஞ்ச நாள் நிண்டா உதவி எண்டு கேட்டா. நான் மறிக்கேல்லை. மறிச்சனெண்டு ஆரும் சொல்லேலாது. ஒண்டுதான் கேட்டன்.

"சீசன் முடியட்டுமன். ரெண்டு கிழமை. முழங்கால் பொறுக்காதோ?"

அவ எழும்பிக் குசினிக்குள்ளை போட்டா. அடுத்த நாள் ரிக்கெற் போட்டிட்டா. அதுவும் எப்ப? கடைசி மச்சுக்கு ரெண்டு நாள் முன்னுக்கு! அந்த மச்சிலை வெண்டாத்தான் தப்புவம். நீரே சொல்லும், எனக்குக் கோபம் வராதோ? எண்டாலும் நான்தான் எயார்போர்ட்டிலை கொண்டுபோய் விட்டனான். பெட்டியை இறக்கிக் குடுத்திட்டுக் கேட்டன், "சனிக்கிழமை நான் என்ன செய்யிறது?"

"பாலை நீங்களே வாங்குங்கோ" எண்டிட்டுப் போட்டா.

சனிக்கிழமை வந்துது. யன்னலுக்குப் பின்னாலை நிண்டு ரோட்டைப் பாக்கிறன். ஒரு சுமங்கலி வரட்டும், ஒரு பூக்கண்டு பிடிச்ச கிழவி வரட்டும். ஒருத்தரும் இல்லை. நேரம் போகுது. சரி, முருகா எண்டு கதவைத் திறந்தா, எதிரிலை பக்கத்து வீட்டுக்காரன். கையிலை வெறும் வாளி! கார் கழுவப் போறானாம். வாளியைத் தூக்கிக் காட்டி வாழ்த்து வேறை சொன்னான். முடிஞ்சுது, நூறு வருசக் கிளப் முடிஞ்சுது எண்டு கண்ணீரோடை போனன்.

மூண்டுக்கு ஒண்டு. வெண்டிட்டம் தம்பி! அந்தக் கோலி ஒரு பெனால்ரியைப் பிடிச்சான். நெட்டையன் நிமிர்ந்து நிண்டான். விசில் ஊதி முடிய, சனம் முழுக்கப் புல்லுக்குள்ளை பாஞ்சுது. நானும் டெரிக்கும் வேலி தாண்டினம். எங்களுக்கு வேலி தாண்டுற வயதோ? ஒரு சப்பாத்து எங்கையோ கழண்டு போட்டுது. ஒத்தைச் சப்பாத்தோடை மைதானத்துக்கு நடுவிலை நிண்டு பவளத்துக்குப் போன் எடுத்தன். சனம் கத்துது, பாடுது. நானும் கத்தினன்.

"பவளம், தப்பிட்டம்! நீர் போனது எவ்வளவு நல்லதாப் போச்சுது! நீர் இல்லாதபடியாத்தான் வெண்டனாங்கள்! இவ்வளவு நாளும் நான் பிழையா விளங்கிப் போட்டன்!"

லைன் வெட்டுப்பட்டுதோ எண்டு பாத்தன்.

"அப்ப நான் இஞ்சை நிண்டாத்தான் உங்கடை கிளப்புக்கு நல்லமோ?"

"ஓமோம்!"

"சரி. அப்ப நிக்கிறன்."

பகிடி எண்டு நினைச்சன். நீரும் அப்பிடித்தானே நினைப்பீர்? வைகாசி போச்சுது. அக்காவின்ரை முழங்கால் சுகமாகி அவ கோயில் வீதி சுத்துறாவாம். ஆனி, ஆடி போச்சுது. எப்ப வாறீர் எண்டு நான் கேக்கேல்லை. ஏன் கேக்கவேணும்? அவவின்ரை வீடு, அவவுக்கு வழி தெரியாதோ? அவவும் சொல்லேல்லை. ஆவணியிலை புது சீசன் தொடங்கிச்சுது. இனி நடந்ததைக் கேட்டா நீர் நம்பமாட்டீர். முதல் மச் வெற்றி. ரெண்டாவது வெற்றி. மூண்டாவது வெற்றி. யுத்த வருசத்துக்குப் பிறகு முதல் முறையா ரோவர்ஸ் உச்சியிலை! ஊர்ச் சனம் பேப்பரைப் பாத்து எங்கையாவது சண்டை தொடங்குதோ எண்டு பயப்பிடுது. நான் ஒவ்வொரு வெற்றிக்கும் போன் எடுத்துச் சொன்னன். அவ ஒவ்வொருக்காவும் ஒண்டைத்தான் சொன்னா. "பாத்தியளே."

இப்ப என்ரை நிலைமையைப் பாரும். முப்பத்தஞ்சு வருசம் காத்திருந்த சீசன். வீட்டுக்கு வந்தா லைற் போட ஆளில்லை. சோறு வைச்சா அடியிலை பிடிக்குது. பிரிஜ்ஜிலை பால் இல்லை. இதை டெரிக்குக்குச் சொல்லவும் வெக்கம். ஒரு மச்சிலை நெட்டையன் கோலுக்கு முன்னாலை நிண்டு வானத்துக்கு அடிச்சான். சனம் தலையிலை கைவைச்சுது. எனக்குச் சந்தோசம் வந்துது தம்பி. உண்மையா. உடனை சுத்திப் பாத்தன், ஆரும் கண்டிட்டினமோ எண்டு. கோயிலுக்குள்ளை நிண்டு சாமியைத் திட்டினவன் மாதிரி இருந்துது.

ஒரு மச்சாவது தோத்தா, "பாத்தீரோ, நீர் அங்கை நிண்டும் தோத்திட்டம், வாரும்" எண்டு சொல்லலாம். இவங்கள் தோக்கிறாங்களே இல்லை. தோக்கிறதைத் தவிர ஒண்டும் தெரியாத கிளப், எனக்கு வேணும் எண்டேக்கை அதையும் மறந்திட்டுது.

ரெண்டு கிழமைக்கு முன்னம் ஒரு பொய் சொன்னன். போன் எடுத்து, குரலைத் தாழ்த்தி, "தோத்திட்டம் பவளம், மூண்டு கோல்" எண்டன்.

"ரெண்டுக்கு ஒண்டு, வெண்டிட்டியள்" எண்டா. "கடைசி நிமிசத்திலை நெட்டைப் பெடியன் தலையாலை அடிச்சவன். இப்ப பொய்யும் சொல்லத் தொடங்கிட்டியளோ?"

பந்து எண்டாலே அவவுக்குக் கண்ணிலை காட்டேலாது. அங்கை காலமை வேலையளை விட்டிட்டு இதை ஏன் பாக்கிறா? என்னை வேவு பாக்கிறதுக்கோ? எனக்கு இன்னும் விளங்கேல்லை.

கடைசியிலை டெரிக்குக்கு எல்லாத்தையும் சொன்னன். அவனுக்கு மனிசி செத்து மூண்டு வருசம். இடைவேளை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தான், பேஸ்ரி ஆறிப்போச்சுது. பிறகு, "வரச்சொல்லி நீ கேட்டனியோ?" எண்டான்.

"அவவுக்குத் தெரியுமெல்லோ."

"கேட்டனியோ?"

ரெண்டாம் பாதி தொடங்கீட்டுது, நல்ல காலம்.

அடுத்த நாள் ரிக்கெற் போட்டன். சனிக்கிழமைதான் இடம் இருந்துது. சனிக்கிழமை தம்பி, எங்கடை மைதானத்திலை மச்! எண்டாலும் போட்டன். பவளத்துக்குப் போன் எடுத்து, "அக்காவின்ரை முழங்காலைப் பாக்க வாறன்" எண்டன்.

"முழங்கால் நல்ல சுகம்" எண்டா. பிறகு, "வந்து பாருங்கோ" எண்டா.

அட, இறங்கப் போறம் போலை. நீர் ஒரு படமும் பாக்கேல்லை, மன்னிச்சுக்கொள்ளும். பொறும், சில்லு நிலத்திலை முட்டீட்டுது, போனைப் போடுறன். அங்கை இப்ப இரவாகியிருக்கும், மச் முடிஞ்சு கனநேரம். கண்ணாடியை வைச்ச இடம் தெரியேல்லை. நீர் வாசியும், டெரிக்தான் அனுப்பியிருப்பான்.

நாலுக்கு சைபரோ? எங்களுக்கு நாலோ?

தோத்திட்டமோ! நாலு கோலாலை! வடிவாப் பாத்தீரோ? நாலு கோல், சொந்த மைதானத்திலை!

சிரிக்காதையும். நான் சிரிக்கிறனோ? ஓம், சிரிக்கிறன்தான். எத்தினை கிழமையாக் கும்பிட்டது, இண்டைக்கெண்டு வந்திருக்கு. இதை அப்பிடியே கொண்டுபோய்க் காட்டினாச் சரி. "பாத்தீரோ பவளம், நீர் இஞ்சை நிண்டும் நாலு கோல் வாங்கியிருக்கினம். உம்மாலை ஒரு பிரயோசனமும் இல்லை, வெளிக்கிடும்." வெளிக்கிடுவா. எனக்குத் தெரியும். பெட்டியை அடுக்குவா, என்னோடை வருவா, சனிக்கிழமை கடைக்குப் போய்ப் பாலும் வாங்குவா.

...

இல்லைத் தம்பி. இதைச் சொல்லமாட்டன். அவ எப்பிடியும் பாத்திருப்பா, நெட்டையன் எத்தினைதரம் சப்பாத்துக் கட்டினவன் எண்டதும் தெரிஞ்சிருக்கும். இதைச் சொல்லிக் கூப்பிட்டா, ரோவர்ஸுக்குத்தான் தன்னைக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு நினைச்சுக்கொண்டு பக்கத்துக் கதிரையிலை இருந்து வருவா. ஒரு வார்த்தை சொல்லமாட்டா. அந்தப் பயணம் முழுக்க நான் அவவின்ரை முகத்தைப் பாக்கேலாது.

ஆறாயிரம் பேரோடை சேந்து, நீதான் என்ரை உயிர் எண்டு அந்தக் கிளப்பைப் பாத்துப் பாடியிருக்கிறன். மழையிலை, நாலு கோல் பின்னுக்கு நிண்டு, தொண்டை கிழியக் கத்தியிருக்கிறன். அவவைப் பாத்து "நீர் இல்லாமை எனக்கு ஏலாமக் கிடக்கு" எண்டு சொல்லச் சத்தம் வரமாட்டன் எண்டுது. விசர்தானே?

எல்லாரும் எழும்பீட்டினம். நீர் போம், உம்மடை ஆக்கள் பாத்துக்கொண்டு நிப்பினம். நான் கடைசியா இறங்குறன். ஒருத்தரும் இல்லாத நேரம் ஒருக்கா அதை வாய்விட்டுச் சொல்லிப் பாக்க வேணும்.